விழுங்கப்பட்டதால் செத்ததா, செத்ததால் விழுங்கப்பட்டதா?

காரைக்கால் மாவட்டத்தின் மண்டபத்தூர் போன்ற கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு யாராவது காய்ச்சலில் படுத்தால், பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை ஐம்பதாயிரம், இருபதாயிரம் என்று இறங்கும்போது வீடே கலங்கிப்போகிறது. அந்தத் தட்டணுக்கள் எங்கே போகின்றன? எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைத்துவிட்டதா? வைரஸ் அழித்ததா? அல்லது உடலைக் காக்க வேண்டிய செல்களே அவற்றைப் பிடித்து விழுங்கிவிட்டனவா?

மூன்றாவது ஐயம் விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஏறக்குறைய 140 ஆண்டுகளாக உயிரியலில் நடக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. மேக்ரோஃபேஜ் போன்ற விழுங்கும் செல் இன்னொரு செல்லைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும்போது, அந்த இரை ஏற்கெனவே செத்திருந்ததா, அல்லது விழுங்கப்படுவதாலேயே சாகிறதா? முதல் விடைப்படி விழுங்கும் செல் துப்புரவுப் பணியாளர், இரண்டாவதன்படி கொலையாளி.

இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. 2012இல் கேம்பிரிட்ஜின் கை பிரவுனும் ஜோனாஸ் நேஹரும் அதைத் தெளிவாக வரையறுத்தார்கள். விழுங்குவதைத் தடுத்துப் பார்க்க வேண்டும். தடுத்தபின் இரை பிழைத்துத் தன் வேலையைச் செய்தால் சாவுக்குக் காரணம் விழுங்கியதே. தடுத்தும் அது மடிந்தால் விழுங்கியது வெறும் துப்புரவு. இதுவரை முன்வைக்கப்பட்ட விடைகளை இந்த உரைகல்லில் ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெச்னிகோவ் தொடங்கிய வழக்கு

1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. நோய்க்கிருமிகளை உடல் இப்படித்தான் சூழ்ந்து விழுங்குகிறது என்ற அவருடைய கோட்பாடு அங்கிருந்து பிறந்தது. 1908இல் பால் எர்லிக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிருமியை விழுங்கும் கதையைப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டன. மெச்னிகோவ் சொன்ன இன்னொன்று பின்னுக்குப் போயிற்று. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் கரைவதைக் கவனித்த அவர், நலிந்திருந்தாலும் உயிருள்ள தசையையே விழுங்கும் செல்கள் தின்கின்றன என்று கருதினார். முதுமை பற்றிய எழுத்துகளில் இன்னும் துணிந்து, வயதானபின் மேக்ரோஃபேஜ்கள் நரம்புச் செல்களைத் தின்கின்றன என்றும், நிறமியை விழுங்கும் செல்களால்தான் முடி நரைக்கிறது என்றும் வாதிட்டார். விழுங்குவதே கொலை என்ற நிலைப்பாட்டின் தொடக்கம் இதுதான்.

அதன் பலவீனமும் அப்போதே தெரிந்தது. பதப்படுத்தி நிறமேற்றிய திசுவில் ஒரு செல்லுக்குள் இன்னொரு செல் கிடப்பதைப் பார்க்கலாம். எது முதலில் நடந்தது என்பதைப் பார்க்க முடியாது. தசை முன்பே சிதைந்துவிட்டது, விழுங்கும் செல் பிறகுதான் வந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, அதை மறுக்கத் தக்க சான்று மெச்னிகோவிடம் இல்லை.

துப்புரவு என்னும் விடை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்த்தரப்பின் கை ஓங்கியது. 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்ற செல் தன்மடிவை விவரித்தார்கள். செல் சுருங்குகிறது, உட்கரு துண்டாகிறது, சவ்வு கிழியாமல் சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது, அவற்றை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவில் இதற்கு மரபணு விளக்கம் கிடைத்தது. அதன் வளர்ச்சியில் உருவாகும் 1090 உடற்செல்களில் 131 செல்கள் குறித்த நேரத்தில் தாமாக மடிகின்றன. செட்-3 என்ற மரபணு இல்லாவிட்டால் அவை மடிவதில்லை. இந்த ஆய்வுவரிசைக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோர் 2002இல் நோபல் பரிசு பெற்றனர்.

1992இல் வலெரி ஃபேடாக்கும் சகாக்களும் இதற்கு ஒரு கண்ணியைச் சேர்த்தார்கள். உயிருள்ள செல்லில் பாஸ்பாடிடில்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறு சவ்வின் உட்புறத்திலேயே இருக்கும். செல் மடியும்போது அது வெளிப்புறத்துக்கு வருகிறது. மேக்ரோஃபேஜ் அதை அடையாளம் கண்டு விழுங்குகிறது. இவ்வாறு வரிசை தெளிவானது: முதலில் சாவு, பிறகு அடையாளம், கடைசியில் விழுங்கல்.

நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் மடிந்தும் அழற்சி ஏன் ஏற்படுவதில்லை என்பதை இந்த விடை அழகாக விளக்குகிறது. அதன் குறை, தன் வெற்றியிலிருந்தே பிறந்தது. மேக்ரோஃபேஜின் வயிற்றில் எந்தச் செல்லைக் கண்டாலும் அது தானாகவே செத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். தடுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தவர்கள் குறைவு.

புழுவும் ஈயும் தந்த திருப்பம்

2001இல், தன்மடிவுக் கோட்பாட்டுக்கு ஆதாரமான அதே புழுவிலிருந்து மாற்றுச் சான்று வந்தது. ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் பீட்டர் ரெட்டியனும், மைக்கேல் ஹெங்கார்ட்னரின் ஆய்வகத்தில் டேனியல் ஹோப்னரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். செட்-3 மரபணு ஓரளவு மட்டும் பழுதான புழுக்களில், விழுங்குவதற்கான மரபணுக்களையும் முடக்கியபோது, மடிய வேண்டிய செல்களில் பிழைத்தவற்றின் எண்ணிக்கை கூடியது. சாகும் தோற்றம் காட்டத் தொடங்கிய சில செல்கள் மீண்டும் இயல்புக்குத் திரும்பின. சாவின் விளிம்பில் நிற்கும் செல்லை விழுங்கும் செல் தள்ளிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இதற்கும் வரம்புகள் உண்டு. தன்மடிவு மரபணுக்கள் முழு வலுவோடு இயங்கும்போது, விழுங்குவதைத் தடுத்தாலும் பெரும்பாலான செல்கள் மடியவே செய்தன. மேலும், 2015இல் பார்பரா கான்ராட்டின் குழு, விழுங்கல் மரபணுக்களின் தாக்கம் தாய்ச்செல் பிரிவதற்கு முன்பே தொடங்குகிறது என்று காட்டியது. ஒரு மகள் செல்லுக்குச் சாகும் திறன் கூடுதலாகப் போய்ச்சேர அது வழிசெய்கிறது. அப்படியானால் 'விழுங்கல் மரபணுவை முடக்கினோம்' என்பதும் 'விழுங்குவதை மட்டும் தடுத்தோம்' என்பதும் ஒன்றாகிவிடாது. உரைகல்லின் நம்பகத்தன்மை பற்றிய இந்த எச்சரிக்கை பின்வரும் ஆய்வுகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

பழஈயில் சான்று இன்னும் நேரடியானது. அதன் முட்டையறை ஒவ்வொன்றிலும் முட்டைக்கு ஊட்டமளிக்கும் 15 செவிலிச் செல்கள் உண்டு. வேலை முடிந்ததும் அவை அகற்றப்படுகின்றன. சுற்றியுள்ள செல்களில் விழுங்கல் மரபணுக்களை முடக்கினால் செவிலிச் செல்கள் மடியாமல் தங்கிவிடுகின்றன என்று கிம் மெக்கால் குழு 2016இல் தெரிவித்தது. இங்கே கொலை என்ற சொல் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் புழுவிலும் ஈயின் முட்டையறையிலும் விழுங்குபவை அண்டைச் செல்களே. தொழில்முறை எதிர்ப்பாற்றல் செல்கள் அல்ல.

'தின்னு', 'தின்னாதே'

பாலூட்டிகளில் இந்த விவாதம் அடையாளங்களை நோக்கித் திரும்பியது. 2000ஆம் ஆண்டில் பெர்-ஆர்னே ஓல்டன்போர்க் குழு, சிடி47 என்ற புரதம் இல்லாத சிவப்பணுக்களைச் சாதாரண எலிகளுக்கு ஏற்றியது. அந்த அணுக்களில் வேறு குறையில்லை. இருந்தும் மண்ணீரல் மேக்ரோஃபேஜ்கள் அவற்றை வேகமாக அகற்றின. சிடி47 'தின்னாதே' என்ற அறிவிப்பாகச் செயல்படுகிறது என்று இதிலிருந்து தெரிந்தது. பாஸ்பாடிடில்செரின் 'தின்னு' என்ற அறிவிப்பு. விழுங்குவதா வேண்டாமா என்ற முடிவு, இரையின் உயிர்நிலையைவிட இந்த அறிவிப்புகளின் கூட்டல் கழித்தலைச் சார்ந்தது என்ற மூன்றாம் நிலைப்பாடு இப்படி உருவானது.

இந்த நிலைப்பாட்டின் சிக்கலை ஜப்பானின் ஷிகெகாசு நகாத்தா குழுவின் இரு ஆய்வுகள் வெளிக்காட்டுகின்றன. பாஸ்பாடிடில்செரினை எந்நேரமும் வெளிக்காட்டும் உயிருள்ள செல்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கவில்லை என்றது 2011ஆம் ஆண்டின் ஆய்வு. அந்தக் கொழுப்பை உள்ளே திருப்பி அனுப்பும் அமைப்பை முடக்கினால் செல்கள் உயிரோடு விழுங்கப்படுகின்றன என்றது 2014ஆம் ஆண்டின் ஆய்வு. எனவே அடையாளம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதாது போலும். எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்தத் துணை அறிவிப்போடு என்பவையும் சேர்ந்தே முடிவெடுக்கின்றன. அந்த எல்லைகளை அளவாகச் சொல்ல இன்னும் யாராலும் இயலவில்லை.

மண்ணீரலில் ஒரு சிவப்பணுவின் கடைசி நாள்

மனித உடலில் நாளுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அகற்றப்படுகின்றன. ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். 1946இல் டேவிட் ஷெமின் தானே கன நைட்ரஜன் கலந்த கிளைசினை உட்கொண்டு, அந்த அடையாளம் தன் ரத்தத்தில் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்று அளந்து இதை நிறுவினார்.

கடைசி நாளை அருகில் சென்று பார்க்கலாம். ஏழெட்டு மைக்ரான் விட்டமுள்ள சிவப்பணு, மண்ணீரலின் சிவப்புக்கூழில் ஒரு மைக்ரான் அகலம்கூட எட்டாத இடுக்குகள் வழியே உடலை நெளித்து நுழைய வேண்டும். இளம் அணு நுழைந்துவிடும். விறைத்த அணு தங்கிவிடும். அங்கே மேக்ரோஃபேஜ் காத்திருக்கிறது. அதன் சவ்வு இருபுறமும் கைபோல் நீண்டு அணுவைச் சூழ்ந்து மூடும். உள்ளே உருவாகும் பையோடு நொதிகள் நிறைந்த லைசோசோம்கள் இணையும்; பை அமிலமாகும்; ஹீமோகுளோபின் சிதையும். ஹீமிலிருந்து முதலில் பச்சை நிறப் பிலிவெர்டினும் பிறகு மஞ்சள் நிறப் பிலிருபினும் வரும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழியும்போது கண் மஞ்சளாவது இதனால்தான். பிரிந்த இரும்பு மஜ்ஜைக்குத் திரும்பும். உணவிலிருந்து நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பே உடலில் சேர, இந்த மறுசுழற்சி தருவதோ 20 மில்லிகிராமுக்கும் மேல்.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. வழக்கமான அப்போப்டோசிஸ் அதில் நடக்க வழியில்லை. ஆகவே அது விழுங்கப்பட்டே சாகிறது என்ற வாதம் வலுவாகத் தெரிகிறது. அதற்கான அடையாளம் எது என்பதில் பல தரப்புகள் உண்டு. முதிர்ந்த அணுவின் மேல் இயற்கையான ஆன்டிபாடி படிகிறது என்றார் மார்கெரிட் கே, 1975இல். பாஸ்பாடிடில்செரின் வெளிப்படுவது, சிடி47 குறைவது அல்லது மாறுவது, உடல் விறைப்பது என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன.

2020இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இந்த வழக்கையே புரட்டிப் போட்டார்கள். மண்ணீரலில் தங்கும் முதிர்ந்த அணுக்கள் முதலில் அங்கேயே உடைந்து ஹீமோகுளோபினை இழக்கின்றன, மேக்ரோஃபேஜ்கள் பெரும்பாலும் அந்த வெற்றுக்கூட்டைத்தான் விழுங்குகின்றன என்பது அவர்கள் வாதம். அது சரியானால், கொலையின் மிகத் தெளிவான உதாரணம் எனக் கருதப்பட்டது துப்புரவின் பக்கம் சாய்கிறது. உரைகல்லும் இங்கே எளிதில் உதவாது. நலமுள்ளவரின் மண்ணீரலை அகற்றினாலும் சிவப்பணுவின் ஆயுள் பெரிதாகக் கூடுவதில்லை. கல்லீரல் மேக்ரோஃபேஜ்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன.

ஆன்டிபாடி பூசிய அணு: உறுதியான சான்று

மிகக் குறைந்த ஐயத்தோடு பேசக்கூடிய இடம் ஐடிபி எனப்படும் தட்டணுக் குறை நோய். 1916இல் பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்த பால் காஸ்னெல்சன், இந்நோயில் தட்டணுக்களை மண்ணீரலே அழிக்கிறது என்று கருதி அதை அகற்றப் பரிந்துரைத்தார். அறுவைக்குப் பின் எண்ணிக்கை உயர்ந்தது. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஐடிபி நோயாளியின் ரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயமான அளவுக்கு வீழ்ந்தன. சில நாள்களில் மீண்டன. நோயாளியின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று நலமான தட்டணுக்களை அழித்திருக்கிறது. அது ஆன்டிபாடி என்று பின்னர் தெரிந்தது. ஆன்டிபாடி ஒட்டிய தட்டணுவை மேக்ரோஃபேஜ் தன் ஏற்பிகளால் பிடித்து விழுங்குகிறது.

உரைகல் சோதனை இங்கே மனிதர்களிடமே நடந்திருக்கிறது. மண்ணீரலை அகற்றினால் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு நோயாளிகளுக்கு நீடித்த பலன் கிடைக்கிறது. மேக்ரோஃபேஜ் ஏற்பியின் உள்சமிக்ஞையைத் தடுக்கும் ஃபோஸ்டாமடினிப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆர்எச் பாசிட்டிவ் நோயாளிகளுக்கு ஆன்டி-டி ஊசி போட்டால், ஆன்டிபாடி பூசிய சிவப்பணுக்களைத் தின்பதில் மேக்ரோஃபேஜ்கள் மும்முரமாகிவிட, தட்டணுக்கள் தப்பிக்கின்றன.

அதே ஆன்டி-டி, பேறுகாலத்தில் வேறு வேலைக்குப் பயன்படுகிறது. ஆர்எச் நெகட்டிவ் தாயின் உடலில் உருவாகும் ஆன்டிபாடி, அடுத்த கருவின் ஆர்எச் பாசிட்டிவ் சிவப்பணுக்களில் ஒட்டுகிறது. குழந்தையின் சொந்த மேக்ரோஃபேஜ்களே அவற்றை விழுங்குகின்றன. 1968 முதல் புழக்கத்துக்கு வந்த ஆன்டி-டி தடுப்பூசிமுறை இதனால் நேரும் குழந்தைச் சாவுகளை வெகுவாகக் குறைத்தது. குழந்தையின் அணுக்களில் எந்தப் பழுதும் இருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆன்டிபாடி ஒட்டாவிட்டால் அவை முழு ஆயுளும் வாழ்ந்திருக்கும்.

நீலகிரியின் அரிவாள் அணு

பழுதும் விழுங்கலும் சேர்ந்தே நிகழும் இடத்தில் வழக்கு சிக்கலாகிறது. தமிழ்நாட்டில் அதற்கு நெருங்கிய உதாரணம் நீலகிரி. 1952இல் ஹெர்மன் லெமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடியினரிடம் அரிவாள் அணுப் பண்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்நோய் பற்றிய ஆய்வு வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 2047க்குள் நோயை ஒழிக்கும் இலக்கோடு மத்திய அரசு 2023 ஜூலையில் தேசிய இயக்கத்தைத் தொடங்கியது.

ஆக்சிஜன் குறையும்போது இந்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து விறைக்கின்றன. பாஸ்பாடிடில்செரின் வெளிவருகிறது, ஆன்டிபாடி படிகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் முடிந்துவிடுகிறது. ஒரு பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைகிறது. பெரும்பகுதியை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன.

ஆப்பிரிக்க வம்சாவளி நோயாளிகளில் மண்ணீரல் திரும்பத் திரும்ப ரத்த ஓட்டம் தடைபட்டுச் சிறுவயதிலேயே சுருங்கிப்போவது வழக்கம். இந்தியப் பழங்குடியினரிடம் பரவலாக உள்ள அரபு-இந்திய வகை மரபணுப் பின்னணியில் கரு ஹீமோகுளோபின் அதிகம். மண்ணீரல் நெடுங்காலம் நிலைக்கிறது, பலருக்கு வீங்கியும் இருக்கிறது. நிலைக்கும் மண்ணீரல் நிமோனியாக் கிருமிகளிலிருந்து காக்கிறது; வீங்கிய மண்ணீரலோ ரத்த அணுக்களைத் தேக்கித் தின்கிறது. அகற்றினால் ரத்த இழப்பு குறையலாம், தொற்று அபாயம் கூடும். மருத்துவர் எடுக்க வேண்டிய இந்த முடிவுக்குள் நம் பழைய வழக்கு ஒளிந்திருக்கிறது.

கோட்பாட்டு நோக்கில் இந்நோய் ஒரு மூன்றாம் வகையைக் கோருகிறது. அரிவாள் அணு செத்த அணு அல்ல. நலமான அணுவும் அல்ல. விழுங்காமல் விட்டால் இன்னும் சில நாள் ஆக்சிஜன் சுமக்கலாம். அல்லது குழாய்க்குள் உடைந்து கூடுதல் கேடு செய்யலாம். விழுங்கல் இங்கே கொலையாக இருந்தாலும், அது உடலுக்கு நட்டமா லாபமா என்பது தனிக் கேள்வி.

டெங்குவில் தட்டணுக்கள்

டெங்குவில் தட்டணுக்கள் குறைவதற்குப் பல விடைகள் உள்ளன. வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியைத் தளர்த்துகிறது. ரத்த உறைதலில் தட்டணுக்கள் செலவாகின்றன. வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் தட்டணுக்களிலும் ஒட்டுகின்றன. இவற்றோடு, இரண்டாம் முறை டெங்கு கண்ட பிலிப்பைன்ஸ் நோயாளிகளின் தட்டணுக்களை ஆய்வகத்தில் மனித மேக்ரோஃபேஜ்கள் கூடுதலாக விழுங்கின என்று 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நான்கும் சேர்ந்தே இயங்குகின்றன என்பதுதான் இன்று பரவலான கருத்து. எதன் பங்கு எவ்வளவு என்பது முடிவாகவில்லை. விழுங்குவதை மட்டும் தடுத்துப் பார்க்கும் சோதனை டெங்கு நோயாளிகளிடம் ஐடிபியில் நடந்த அளவுக்கு நடக்கவில்லை.

நடைமுறையில் இது முக்கியம். சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் 372 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை. அழிக்கும் வேகம் குறையாதபோது ஏற்றிய அணுக்களும் அதே வழியில் போயிருக்கலாம். டெங்குவின் பெரிய ஆபத்து ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவதே என்பதால், பிளேட்லெட் எண் ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல என்றும் மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

அரிதாக இந்த விழுங்கல் கட்டுமீறிப் போகிறது. எச்எல்எச் எனப்படும் நிலையில், வெறிகொண்ட மேக்ரோஃபேஜ்கள் மஜ்ஜையிலேயே சிவப்பணு, தட்டணு, வெள்ளையணு மூன்றையும் விழுங்குகின்றன. டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், டைபாய்டு, காசநோய் ஆகியவை இதைத் தூண்டுவது இந்தியாவில் தெரிந்த செய்தி. 2011இல் எலிகளுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் செலுத்தியபோது மேக்ரோஃபேஜ்கள் நேரடியாகத் தூண்டப்பட்டு ரத்தசோகை ஏற்பட்டது. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் எமபலுமாப் மருந்து 2018இல் அனுமதி பெற்றது. ஆனால் அந்த மருந்து அழற்சி முழுவதையும் தணிக்கிறது. பலன் விழுங்கல் குறைந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

மூளை: வலுவான வாதம், முழுமையில்லாத சான்று

மெச்னிகோவின் மிகத் துணிந்த கூற்று இப்போது மீண்டும் அரங்கேறியிருக்கிறது. மூளையின் மேக்ரோஃபேஜான மைக்ரோகிளியாவை நரம்புச் செல்களோடு வளர்த்து, பாக்டீரியப் பொருள்களாலோ அமிலாய்டு என்ற புரதத்தாலோ தூண்டினால் நரம்புச் செல்கள் குறைகின்றன. நேஹரும் பிரவுனும் 2011இல் விழுங்குவதை மட்டும் தடுத்தார்கள். அழற்சி நீடித்தபோதும் நரம்புச் செல்கள் உயிரோடு எஞ்சின. 2013இல் பக்கவாதம் உண்டாக்கிய எலி, சுண்டெலிகளில் விழுங்கலுக்குத் தேவையான இரு புரதங்களுள் ஒன்று இல்லாதபோது மூளைத் திசு இழப்பு குறைந்தது. பரம்பரை விழித்திரைச் சிதைவுள்ள எலிகளில் உயிருள்ள ஒளியுணர் செல்களை மைக்ரோகிளியா விழுங்குவதை 2015ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

எதிர்ச்சான்றும் கனமானது. மைக்ரோகிளியாவின் விழுங்கலுக்கு உதவும் ட்ரெம்2 ஏற்பி பழுதானவர்களுக்கு அல்சைமர் அபாயம் கூடுகிறது என்று 2013இல் மனித மரபணு ஆய்வுகள் தெரிவித்தன. அமிலாய்டையும் செல் கழிவையும் அகற்றும் வேலை நின்றால் மூளை பாதிக்கப்படுகிறது. ஒரே திறன் ஒரு கட்டத்தில் காப்பதாகவும் இன்னொரு கட்டத்தில் அழிப்பதாகவும் இருக்கக்கூடும். மேலும், மனித மூளையில் உயிருள்ள நரம்புச் செல் விழுங்கப்படுவதை நேரில் காண வழியில்லை. இறந்தவர்களின் மூளைத்திசு, மெச்னிகோவ் சந்தித்த அதே நிலைப்படச் சிக்கலைத்தான் தருகிறது.

வலிந்து தின்னவைத்தல்: புற்றுநோய் தந்த பாடம்

விழுங்கல் கொல்லும் என்றால் புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல அதைப் பயன்படுத்தலாமே? ரிட்டுக்ஸிமாப் போன்ற ஆன்டிபாடி மருந்துகளின் பலனில் ஒரு பங்கு மேக்ரோஃபேஜ் விழுங்கலால் வருவது என்று கருதப்படுகிறது. ரத்தப் புற்றுச் செல்கள் சிடி47 அறிவிப்பைக் கூடுதலாகத் தாங்கித் தப்பிக்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் இர்விங் வைஸ்மன் குழு 2009இல் தெரிவித்தது. அதைத் தடுக்கும் மேக்ரோலிமாப் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. ஆனால் 2023இல் அதன் ஒரு மூன்றாம் கட்டச் சோதனை பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. 2024இல் ரத்தப் புற்றுநோய்ச் சோதனையும் நின்றது. அதில் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு அபாயமும் கூடியிருந்தது.

அடிக்கடி தென்பட்ட பக்கவிளைவு ரத்தசோகை. சிவப்பணுக்களின் 'தின்னாதே' அறிவிப்பும் மறைக்கப்பட்டதால் அவையும் விழுங்கப்பட்டன. நலமான அணுவை விழுங்கிக் கொல்ல முடியும் என்பதற்கு மனித உடலில் கிடைத்த, யாரும் விரும்பாத சான்று இது. புற்றுநோயில் தோல்வியோ, 'தின்னாதே' என்பதை நீக்கினால் மட்டும் போதாது, 'தின்னு' என்ற அறிவிப்பும் வலுவாக வேண்டும் என்ற ஊகத்தை உறுதிப்படுத்துவதாகச் சிலர் கருதுகிறார்கள். மருந்தின் அளவும் துணை மருந்துகளுமே காரணம் என்போரும் உண்டு.

இன்றைய நிலவரம்

சான்றுகளை வரிசைப்படுத்தினால் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. ஆன்டிபாடி பூசிய ரத்த அணுக்களில் விழுங்கலே சாவுக்குக் காரணம் என்பது மனிதர்களில் நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம். புழு, ஈ, எலி ஆகியவற்றின் சில திசுக்களில் விழுங்கல் சாவைத் தூண்டுகிறது அல்லது உறுதிசெய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணு, டெங்குவின் தட்டணு, முதியவரின் நரம்புச் செல் ஆகியவற்றில் வழக்கு நிலுவையில் உள்ளது.

துப்புரவாளர் என்ற பழைய விடை பொய்யாகிவிடவில்லை. தன்மடிவு அடைந்த செல்களுக்கு அது இன்றும் பொருந்தும். அதை எல்லாச் செல்களுக்கும் நீட்டியதுதான் பிழை. எதிர்த்தரப்பும் அதே பிழையைச் செய்யக்கூடும். விழுங்கல் மரபணு ஒன்றை முடக்கியதும் ஒரு செல் பிழைத்துவிட்டால், அதை உடனே கொலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் போக்கு இத்துறையில் வளர்ந்திருக்கிறது. அந்த மரபணுவுக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதைப் புழு ஆய்வு ஏற்கெனவே காட்டிவிட்டது.

இனி விடை தேட வேண்டிய கேள்விகள் குறைந்தது மூன்று. காப்பாற்றப்பட்ட செல் வெறுமனே உயிரோடு இருக்கிறதா, வேலையும் செய்கிறதா? பெரும்பாலான ஆய்வுகள் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது, தொற்றுநோய்களில் விழுங்கலின் பங்கைத் தனியே அளப்பது எப்படி? டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும் பருவந்தோறும் திரும்பும் தமிழகக் கடலோர மாவட்டங்களும், வேலூர் சிஎம்சி, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இயங்கும் ஜிப்மர் போன்ற நிறுவனங்களும் இதற்குப் பொருத்தமான களங்கள். மூன்றாவது, விழுங்கலைத் தடுக்கும் மருந்து எவ்வளவு காலம் பாதுகாப்பானது? கிருமியையும் கழிவையும் அகற்றும் வேலையும் அதே செல்களிடம்தான் இருக்கிறது. ஐடிபியில் கிடைத்த வெற்றியை டெங்குவுக்கோ மூளைநோய்க்கோ அப்படியே கொண்டுபோக முடியாமல் இருப்பது இதனால்தான். இம்மூன்றுக்கும் நோய்வாரியாக, திசுவாரியாக விடை தேடுவதே உகந்த வழி. எல்லாச் செல்களுக்கும் பொதுவான ஒரே தீர்ப்பை இந்த வழக்கு தரும் என்று எதிர்பார்க்க இப்போதுள்ள சான்றுகள் இடம்தரவில்லை.